சிரிக்கும் நேரத்தில் அசையும் கை: மஜிக்காரர் துப்புத் துலக்கும் கொலைக்கதை பற்றி

யாழ்ப்பாணத்தில் நாடகக் குழு ஒன்றை நடத்தும் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இது பதில். மேடையில் மஜிக் செய்யும் ஒருவர் தற்செயலாகத் துப்பறிபவராக மாறிக் கொலையொன்றை வெளிப்படுத்தும் நகைச்சுவை நாடகத்தை அவர்கள் எழுதுகிறார்கள். கொலை நடந்த இடத்தில் பகிடி விடுவது முறையல்ல என்று குழுவில் ஒரு சாரார் சொல்கிறார்கள். பகிடி இல்லாவிட்டால் சனம் இருந்து பார்க்காது என்பது மற்றச் சாராரின் வாதம். துப்பறிபவர் ஏன் மஜிக்காரராகவே இருக்க வேண்டும், ஒரு சட்டத்தரணியோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ போதாதா என்பதும் அவருடைய சந்தேகம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலை விழாக்களிலும் கோவில் வீதி மேடைகளிலும் மஜிக் செய்து வருபவன் என்ற முறையிலும், துப்பறியும் கதைகளை விடாமல் வாசிப்பவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஓர் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியில் இருந்து தொடங்குகிறேன். வலது கையில் இருக்கும் குற்றியை இடது கைக்கு மாற்றுவதுபோலக் காட்டி, உண்மையில் வலது உள்ளங்கையிலேயே ஒளித்து வைப்பது மஜிக் பழகுபவர் எவரும் முதலில் கற்கும் பாடம். இடது கை வெறுமையாக இருந்தாலும், குற்றி ஒன்றைப் பிடித்திருக்கும் கைபோல விரல்கள் சற்று உப்பி நிற்க வேண்டும். என் கண்ணும் அந்த இடது கையோடே போக வேண்டும். ஆனால் ஒளித்த குற்றியைச் சட்டைப் பைக்குள் விடும் அசைவை விரல் பழக்கம் மட்டும் மறைக்காது. அதற்குக் கூட்டம் சிரிக்க வேண்டும். சிரிக்கும்போது மனிதர்கள் தலையைப் பின்னால் சாய்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒரு கணம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கணத்தில்தான் கை பைக்குள் போகிறது. வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் ஒரு முறை முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி என் பகிடிக்குச் சிரிக்கவில்லை. காய்ச்சலோடு வந்திருந்தாள் என்று பிறகு ஆசிரியை சொன்னார். மண்டபம் முழுவதும் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் என் வலது கையைச் சுட்டிக்காட்டி, “அங்கிள், அது உங்கட பொக்கற்றுக்குள்ள” என்றாள். இந்த வகைக் கதைக்கு எவ்வளவு சிரிப்பு வேண்டும், அது எங்கே வேண்டும் என்பதை நான் அவளிடமிருந்துதான் கற்றேன்.

ஆகவே உங்கள் குழுவின் இரு சாராருக்கும் என் பதில் ஒன்றுதான்: இந்த வகைக் கதையில் பகிடியை மேலே தூவும் அலங்காரமாக வைக்காதீர்கள். கொலைக்கான தடயத்தை ஒளித்து வைக்கும் இடமாக அதை வையுங்கள். பார்வையாளர் எந்த இடத்தில் மிகவும் சிரிக்கிறாரோ அந்த இடத்திலேயே உண்மை கிடக்க வேண்டும். கடைசியில் மஜிக்காரர் அதைத் திருப்பி எடுத்துக் காட்டும்போது, “நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், சிரித்துவிட்டேனே” என்று அவர் உணர வேண்டும். அப்படி எழுதினால் பகிடி கொலையை அவமதிக்காது. ஒவ்வொரு பகிடியும் கொலையை நோக்கியே நடக்கும்.

இனி, ஏன் மஜிக்காரர் என்ற கேள்வி. மஜிக் மேடையும் மரணமும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. எழுதத் தொடங்குமுன் உங்கள் குழுவினர் எல்லோருக்கும் இவற்றைச் சொல்லுங்கள். சுங் லிங் சூ என்ற பெயரில் சீனராக வேடமிட்டு, மேடையில் ஆங்கிலம் பேசாமலே புகழ்பெற்றிருந்தவர் வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர். துப்பாக்கிக் குண்டைத் தட்டில் பிடிப்பது அவருடைய பெயர்போன வித்தை. 1918 மார்ச் 23 அன்று லண்டன் வூட் கிறீன் எம்பயர் அரங்கில் அந்த வித்தையின்போது குண்டு உண்மையாகவே அவர் மார்பில் பாய்ந்தது. திரையை இறக்குமாறு அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் வாயிலிருந்து ஆங்கிலம் வந்ததைச் சனம் அன்றைக்குத்தான் கேட்டது. மறுநாள் அவர் இறந்தார். நிரப்பிய குண்டு வெளியேறாமல், வேறு குழாயில் உள்ள வெடிமருந்து மட்டும் வெடிக்கும்படி அந்தத் துப்பாக்கி மாற்றப்பட்டிருந்தது. நீண்ட காலப் பாவனையால் தேய்ந்து, மருந்து உண்மைக் குழாய்க்குள்ளும் கசிந்திருந்தது. மரண விசாரணை அதை விபத்து என்று முடித்தது.

இரண்டாவது இதற்கு நேர் எதிரானது. வங்காளத்தைச் சேர்ந்த பி. சி. சர்க்கார் 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில், மேசையில் கிடத்திய இளம் பெண்ணைச் சுழல் வாளால் இரண்டாக அறுத்துக் காட்டினார். அவர் அந்தப் பெண்ணின் கையைத் தேய்த்து எழுப்ப முயன்றும் அவள் எழும்பாதிருந்த வேளையில், அறிவிப்பாளர் முன்னே வந்து இரவு வணக்கம் சொல்லி நிகழ்ச்சியை முடித்துவிட்டார். கொலை நடந்துவிட்டது என்று எண்ணிப் பதறியவர்களின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. பெண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை.

லண்டனில் ஒரு மனிதர் உண்மையாகவே சாய்ந்தபோது வித்தையின் ஒரு பகுதியோ என்று ஐயுறக் காரணம் இருந்தது. தொலைக்காட்சியில் வித்தை நடந்தபோது வீடுகளில் இருந்தவர்கள் அதைச் சாவு என்று நம்பினார்கள். இந்த இரண்டு தவறுகளுக்கும் இடையில் பிழைப்பு நடத்துபவர் மஜிக்காரர். கண்முன் நடந்தது எது, நடந்ததாகக் காட்டப்பட்டது எது என்று பிரித்துப் பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. ஒரு சட்டத்தரணி “யார் செய்தார்?” என்று கேட்பார். பார்வையாளர் “எப்படிச் செய்தார்?” என்று கேட்பார். மஜிக்காரர் கேட்பது “எப்போது செய்தார்?” என்று. ஏனென்றால் நல்ல வித்தைகளில் பல, தொடங்கிவிட்டதாகச் சனம் நினைக்கும் நேரத்துக்கு முன்பே முடிந்திருக்கும். தடியைச் சுழற்றி மந்திரம் சொல்லும்போது செய்ய எதுவும் மிஞ்சியிராது. கொலைக்கதைக்கு இதைவிடப் பொருத்தமான கண் வேறு எதுவும் இல்லை என்பது என் துணிபு.

இதைப் பிறர் செய்யாமல் இல்லை. அமெரிக்கரான கிளேட்டன் றோசன் தாமே மஜிக்காரர்; நியூயோர்க்கில் மஜிக் பொருள் கடை நடத்தும் மெர்லினி என்ற துப்பறிபவரை 1938இல் நாவலில் அறிமுகப்படுத்தினார். அவரும் இன்னொரு துப்பறியும் கதாசிரியரான ஜோன் டிக்சன் காரும், உள்ளே இருந்தபடியே இடுக்கெல்லாம் ஒட்டுத்தாள் ஒட்டி அடைக்கப்பட்ட அறைக்குள் கொலை நடப்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் சவால் விட்டு, ஆளுக்கொரு விடையோடு கதை எழுதினார்கள். உண்மை வாழ்க்கையில் புகழ்பெற்ற மஜிக்காரர் ஹூடினி, ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர்களின் தந்திரங்களை 1920களில் ஊர் ஊராகச் சென்று வெளிப்படுத்தினார். விஞ்ஞானிகள் ஏமாறிய இடத்தில் மஜிக்காரர் ஏமாறமாட்டார் என்பதே அவர் வாதம். தமிழில் நகைச்சுவைத் துப்பறிபவர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1940களில் தேவன் படைத்த சாம்பு. சாம்புவை நானும் நேசிப்பவன். ஆனால் அவரை மாதிரியாக எடுக்க வேண்டாம். சாம்பு அதிர்ஷ்டத்தால் வெல்பவர். அதுவே அவருடைய அழகு. மஜிக்காரர் அதிர்ஷ்டத்தால் வென்றால் நாடகம் கெட்டது. அவர் தன் தொழிலறிவால் மட்டுமே வெல்ல வேண்டும், அவர் கண்டதெல்லாம் பார்வையாளருக்கும் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது இதை எங்கள் மண்ணில் நட்டுக் காட்டுகிறேன். கதை என்னுடைய கற்பனை, விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. பின்னால் அலுவலக அறை, முன்னால் மாமரத்தின் கீழ் பிளாஸ்ரிக் கதிரைகள், தற்காலிக மேடை. நிலையத்தின் பொருளாளர் எழுபது வயதானவர். முழங்கால் வலியால் மேடை ஏறமாட்டார், ஆகவே ஆண்டுதோறும் அலுவலக அறையில் இருந்தபடியே ஒலிவாங்கியில் கணக்கறிக்கை வாசிப்பது வழக்கம். அழைப்பிதழில் 7.30க்கு மஜிக், 8.10க்குப் பொருளாளர் உரை என்று அச்சிட்டிருக்கிறது. எங்கள் விழாக்களின் இயல்புப்படி, பிரதம விருந்தினரின் பேச்சு நீண்டு, மஜிக் 7.55க்குத்தான் தொடங்குகிறது. மஜிக்காரர் முன்வரிசையில் கைதூக்கிய ஒருவரை மேடைக்கு அழைத்து, கதிரையில் இருத்திக் கயிற்றால் கட்டுகிறார். அந்தநேரம் பார்த்து ஒலிபெருக்கியில் பொருளாளர் பேசத் தொடங்குகிறார். மணி சரியாக 8.10. விழாவில் நேரத்துக்கு நடந்த ஒரே விடயம் இதுதான் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். உரையின் நடுவே ஒலிபெருக்கியில் ஒரு காகம் கரைகிறது. முன்வரிசையில் இருக்கும் ஆச்சி, “காகம் கத்துது, ஆரோ வெளிநாட்டால வரப்போகினம், இன்னும் காசு வரும்” என்கிறார். பெருஞ்சிரிப்பு. பொருளாளர் அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே கணக்கைத் தொடர்ந்து வாசிக்கிறார்; சிரிப்பில் ஒரு வரவு தொகை எவருக்கும் கேட்காமல் போகிறது, அதற்கும் சிரிப்பு. உரை முடிகிறது, மஜிக் தொடர்கிறது. 8.40க்குத் தேநீர் கொண்டுபோன பையன் அலுவலக அறையில் அவர் இறந்து கிடப்பதைக் காண்கிறான். 8.10இல் இருந்து எல்லோரும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டபடி இருந்தார்கள். கயிற்றால் கட்டப்பட்டிருந்தவரோ இருநூறு பேரின் கண்ணில் பட்டபடி இருந்தார்.

மூன்று சிரிப்புகள், மூன்று தடயங்கள். காகம் அந்தியில் அடைந்துவிடும் பறவை; நிலவு வெளிச்சத்தில் அல்லது யாராவது கலைத்தால் இரவிலும் கரையும் என்பதால், கதையை நிலவில்லாத இரவில் வையுங்கள். அதைவிட முக்கியமாக, தலைக்கு மேலிருந்த மாமரத்தில் எதுவும் கரையவில்லை, ஒலிபெருக்கிக்குள் மட்டும் கரைந்தது. நிலையத்தைப் பராமரிப்பவர் மத்தியானத்தில் அலுவலக யன்னலடியில் காகத்துக்குச் சோறு வைப்பதை முதற்காட்சியிலேயே காட்டிவிடுங்கள். இரண்டாவது, உரை நேரத்துக்குத் தொடங்கியது. முந்தைய நிகழ்ச்சி முடியாதிருக்க, எந்த மனிதரும் குறுக்கே பேசத் தொடங்கமாட்டார். குறித்த மணிக்கு எழுப்பும் ஓர் இயந்திரம்தான் அப்படித் தொடங்கும். மூன்றாவதே மஜிக்காரருக்கு மட்டும் தென்படக்கூடியது. அதனால் எனக்கு அதன்மேல்தான் பற்று அதிகம். மேடையில் நின்று பழகிய எவரும் கூட்டம் சிரிக்கும்போது பேச்சை நிறுத்தி, சிரிப்பு அடங்கத் தொடங்கும்போதுதான் அடுத்த சொல்லை எடுப்பார். இருபது ஆண்டு கணக்கு வாசித்த பொருளாளருக்கும் அது கைவந்த பழக்கம். அன்று அவர் குரல் சிரிப்பைக் கேட்கவில்லை. சிரிப்பைக் கேட்காத குரலுக்கு உரியவர் அந்த அறையில் உயிரோடு இல்லை.

அன்று மத்தியானம் ஒலிவாங்கியைச் சரிபார்க்கிறோம் என்று சொல்லி ஒருவர் அவரை உரையை ஒரு தரம் வாசிக்க வைத்து, அவருடைய சொந்தக் கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்திருக்கிறார். பிறகு அந்தப் பதிவை 8.10க்கு எழுப்பும் அலார ஒலியாக மாற்றியிருக்கிறார். கொலை நடந்தது விழா தொடங்குமுன், ஒலிபெருக்கியும் ஒலிவாங்கிகளும் திறக்கப்படாத வேளையில், 6.45 அளவில். கைத்தொலைபேசி மேசையில், இறந்தவரின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. அது அவருடையதுதானே என்று யாரும் தொடவில்லை. காரணமும் அந்த உரைக்குள்ளேயே இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள ஊரவர்கள் அனுப்பிய கட்டட நிதியில் குறைவைக் கண்டுபிடித்த பொருளாளர், அதை விழாவில் சொல்ல இருந்தார். ஒத்திகையில் அந்தப் பகுதியை அவர் வாசிக்கவில்லை. இரவில் சனம் கேட்ட உரையிலும் அது இல்லை.

இதற்குப் பொலிஸ் மருத்துவம் தடை போடாதா என்று கேட்பீர்கள். இறந்த உடல் குளிரும் வேகத்தைச் சுற்றுச் சூட்டுடன் ஒப்பிட்டே நேரத்தைக் கணிப்பார்கள். எங்கள் ஊரின் 30 பாகை மாலையில் 37 பாகை உடல் மிக மெதுவாகவே குளிரும், ஆகவே சட்ட வைத்திய அதிகாரி சில மணித்தியால இடைவெளியைத்தான் சொல்ல முடியும். ஒன்றரை மணித்தியால வித்தியாசம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். பொலிஸ் அதிகாரியை மட்டும் முட்டாளாக்காதீர்கள். திடீர் மரண விசாரணை, நீதிவானுக்கு அறிக்கை என்று இங்கே ஓர் ஒழுங்கு உண்டு. மஜிக்காரர் பொருளெதையும் தொடாமல், தான் கேட்டதை மட்டும் சொல்லி, அலாரத்தைப் பார்க்கும்படி அதிகாரியிடம் வேண்டுவதே அவருக்கும் அழகு, நாடகத்துக்கும் அழகு.

மஜிக்காரர் ஏன் இதில் தலையிடுகிறார் என்பதற்குத் தனியே காரணம் தேட வேண்டியதில்லை. கைதூக்கியவர்களில் தான் விரும்பியவரைத் தெரிவு செய்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். நாம் விரும்பும் சீட்டையே பார்வையாளர் எடுக்கும்படி செய்துவிட்டு, அவர் தாமாகத் தெரிவு செய்ததாக நம்பவைப்பது எங்கள் தொழில். இங்கே கொலைகாரர் அதை மஜிக்காரருக்கே செய்துவிட்டார்: முன்வரிசையில் நடுவில் இருந்து, எல்லோருக்கும் முன்பாகக் கையை உயர்த்தினார். தான் கட்டிய கயிறே கொலைகாரருக்குச் சாட்சியாக நின்றது என்று தெரியவரும் கணத்தில், அதுவரை சனத்தைச் சிரிக்க வைத்த மனிதர் முதல் தடவையாக மௌனமாவார். அந்த மௌனத்தை நன்றாக நடிக்கக்கூடியவரை அந்தப் பாத்திரத்துக்குத் தேடுங்கள். கைத்திறன் உள்ளவரை அல்ல. குற்றி மறைக்க நான் பத்து நாளில் பழக்கிவிடுவேன்.

பகிடி எவர்மேல் விழலாம் என்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. எங்கள் பேச்சில் பகிடி என்றும் நக்கல் என்றும் இரண்டு சொற்கள் இருப்பது வீணாக அல்ல. பகிடி கூட்டத்தில் எல்லோரையும் சேர்த்துச் சிரிக்க வைக்கும்; நக்கல் ஒருவரைப் பிரித்து வெட்டும். இறந்தவர்மேல் இரண்டும் வேண்டாம். பொருளாளர் இல்லாமல் போனதைச் சனம் உணரும்படி முதற்காட்சியில் அவரை வாழவிடுங்கள்: பத்து ரூபாய் கணக்கில் பிழைத்தாலும் நித்திரை கொள்ளாதவர், நூலகப் புத்தகத்தைக் கிழித்த பிள்ளையிடம் தண்டம் வாங்காமல் பசையை எடுத்துக் கொடுத்து ஒட்டச் சொல்பவர். சிரிப்பதற்குச் செத்தவீட்டைச் சுற்றி எவ்வளவோ இருக்கிறது. மரண அறிவித்தலில் யாருடைய பெயர் முன்னே வருவது, பெறாமக்களில் எவரை விடுவது என்று பந்தலுக்குள் நடக்கும் வாதம் ஒன்றே ஒரு முழுக் காட்சிக்குப் போதும். அதற்குள்ளும் ஒரு தடயத்தை வையுங்கள்: எல்லோரும் தங்கள் பெயரைச் சேர்க்கச் சண்டையிடும்போது, ஒருவர் மட்டும் “என்ர பேர் தேவையில்லை” என்று ஒதுங்குகிறார். சனம் அவரைப் பெருந்தன்மையானவர் என்று நினைக்கும்.

வெளிநாட்டுக் கதைகளில் கடைசியில் எல்லோரையும் ஒரு வரவேற்பறையில் கூட்டித் துப்பறிபவர் விளக்குவார். எங்களுக்கு அந்தக் கூட்டத்தை வலிந்து கூட்டத் தேவையில்லை. இறந்தவருக்காக முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு உறவு, பகை, கடன்காரர், நிலையத்து நிர்வாகம் என்று எல்லோரும் தாமாகவே வந்து பந்தியில் இருப்பார்கள். இறந்தவரின் வரலாற்றைச் சொல்லும், கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகமும் அன்றுதான் எல்லோர் கையிலும் கொடுக்கப்படும். அதில் அவருடைய கடைசி உரையை அச்சிட்டிருக்கட்டும். மஜிக்காரர் அதைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கட்டும். ஆச்சி முன்போலவே ஏதோ சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைக்கட்டும். மஜிக்காரர் வாசிப்பதை நிறுத்தி, சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார். “அண்டைக்கு ஐயா ஏன் இப்பிடிக் காத்திருக்கேல்லை?” என்ற ஒரு கேள்வி போதும், பொலிஸ் அதிகாரி ஏற்கெனவே படலையடியில் நிற்பார்.

ஒத்திகைக்கு ஒரு யோசனை. கதை தெரியாத பத்துப் பேரை அழைத்து முதற்பாதியை நடித்துக் காட்டுங்கள். இடைவேளையில் ஒருவராவது காகத்தைப் பற்றிச் சந்தேகப்பட்டால் ஆச்சியின் பகிடி போதவில்லை, இன்னும் நன்றாகச் சிரிக்க வைக்கும் ஒன்றைத் தேடுங்கள். முடிவைக் கேட்ட பிறகும் காகம் கரைந்தது ஒருவருக்கும் நினைவில்லாவிட்டால் ஒலிபெருக்கியில் அதன் சத்தத்தைக் கூட்டுங்கள். அந்தப் பத்துப் பேரில் சிரிக்காத ஒரு பிள்ளை இருந்தால், அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, அவள் எங்கே பார்க்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.